பி31-இன் முன்னங்கால்களும் சுங்கை சிப்புட் பட்டறையும்

அவசரக்காரர்களுக்கு இந்தப் பட்டறை சரிப்படாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் போன் எடுக்க மாட்டார். ரசீது கேட்டால் சாமான் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதித் தருவார். உட்கார நாற்காலி கிடையாது. பழைய லோரி டயர் ஒன்று கிடக்கும், அதிலும் பெரும்பாலும் பூனை படுத்திருக்கும். இத்தனையும் தெரிந்தேதான் எழுதுகிறேன்: பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ரெண்டு கால்கள்) என்று வந்துவிட்டால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நான் ஏறி இறங்கிய பட்டறைகளில் இவருக்குப் பக்கத்தில் வரக்கூட ஆள் இல்லை.

கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய கூட்டரசு சாலையில் சுங்கை சிப்புட் டவுனுக்குள் வந்து, கடைவரிசைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் 'பழைய வண்டி அண்ணன்' என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தங்கச்சி, இப்பவே வேலை கழுத்து வரைக்கும் இருக்கு" என்றார். அதனால் இங்கேயும் அண்ணன்தான்.

வாசலில் நிற்பவை எல்லாம் கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றி ஏற்றி முன்பக்கம் நொந்துபோன ஹோண்டா இஎக்ஸ்5 வண்டிகள்தான் அவருக்குச் சோறு போடுபவை. நான் நிற்கும்போதே ஒரு பையன் தாத்தாவின் சி70 வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்காமல் எழும்புகிறது, ஃபோர்க் போய்விட்டது போலிருக்கிறது என்றான். அண்ணன் அடியிலிருக்கும் சிறிய கைகளின் புஷ்ஷை (தேய்வைத் தாங்கும் உள்வளையத்தை) மட்டும் ஆட்டிப் பார்த்தார். "புஷ் நல்லாத்தான் இருக்கு. இந்த மாதிரி ஃபோர்க் எல்லாமே எழும்பும். 1958-ல முதல் சூப்பர் கப் வந்தப்பவே அப்படித்தான். வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை. வேறொரு கடையாக இருந்தால் அந்தப் பையன் நூறு வெள்ளியாவது (ரிங்கிட்) இழந்திருப்பான்.

என் வண்டி பி.எஸ்.ஏ. என்ற இங்கிலீஷ் கம்பெனியின் பி31. 348 சிசி, ஒற்றை சிலிண்டர், பின்பக்கம் பிளஞ்சர் ஸ்பிரிங், என்ஜின் எண் 'இசட்.பி.' என்று தொடங்கும். அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்தபோது பழையதாக வாங்கியது. அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு வண்டி தோட்டத்து ஸ்டோரில் பல வருஷம் நின்றது. ஒரு பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்கிற பார்மிக் அமில ஜாடிகள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு பொட்டாஷ் உர மூட்டைகள். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. ஈரம் பட்டால் உப்பைப் போலவே இரும்பைத் தின்னும். ஸ்டோரில் மூட்டைப் பக்கமாகத் திரும்பி நின்ற கால் எது என்று துருவைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நான் கையுறைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். மெக்கானிக் இல்லை. ஆனால் ஒரு பில்லைப் பார்த்தால் எந்த வரி ஊதியிருக்கிறது என்று தெரியும். இங்கே வருவதற்கு முன் வேறு ஊரில் ஒரு பெரிய கடையில் காட்டினேன். குளிர்சாதனம், காப்பி இயந்திரம், சுவரில் ஃபிரேம் போட்ட போட்டோக்கள். "முன்பக்கம் முழுசா கழட்டிப் போட்டுட்டு ஜப்பான் ஃபோர்க் மாட்டிடலாம் மேடம், ஓட்ட சுகமா இருக்கும்" என்றார்கள். கழற்றியதை என்ன செய்வீர்கள் என்றால் பதில் இல்லை. பி31 இன்ஜினையும் சட்டத்தையும் வைத்துக்கொண்டு அதே கம்பெனியின் விலை கூடிய பந்தய வண்டியான கோல்டு ஸ்டார் மாதிரி ஜோடித்து விற்கிற வியாபாரம் உலகம் முழுக்க நடக்கிறது. ஒரிஜினல் பாகங்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

சுங்கை சிப்புட் அண்ணன் டேங்க்கைத் தொடவில்லை, கிக்கரை உதைத்துப் பார்க்கவில்லை. நேரே வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு காலையும் பார்த்தார். டார்ச் அடித்தார். கைவிரலால் பிரேக் பக்கத்துக் காலின் உட்புறத்தைத் தடவினார்.

"தங்கச்சி, ரெண்டு காலும் ஒரு வீட்டுப் பிள்ளை இல்லை."

பிரேக் தட்டு காலில் வந்து பிடிக்கிற இடத்தில், இரும்புப் பட்டையை வெட்டி வைத்து இடைவெளியை அடைத்திருந்தார்கள். பி31-இன் முன்சக்கர பிரேக் 7 அங்குலம். ஏ10 கோல்டன் ஃபிளாஷ் மாதிரி பெரிய வண்டிக்கு 8 அங்குலம். பெரிய பிரேக்குக்கான காலில் பிடிமானம் வெளியே தள்ளி இருக்கும். யாரோ எப்போதோ அந்தக் காலைக் கொண்டுவந்து மாட்டி, இடைவெளிக்குப் பட்டை அடைத்து ஓட்டியிருக்கிறார்கள். பி.எஸ்.ஏ. கனரக ஃபோர்க்கை ஒரே அடிப்படையில் பல மாடல்களுக்குப் போட்டதால் உள்ளே எல்லாம் பொருந்திவிடும். வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது. அப்பாவும் அப்படியே ஓட்டியிருக்கிறார் பாவம். ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் ஒரு சின்ன இரும்புத் துண்டை நம்பி.

இந்த அடையாளம் காணும் வேலைதான் இந்தப் பட்டறையின் உயிர் என்பேன். மெருகு போடுவதற்கு ஆள் நிறைய உண்டு. 'இது உன்னுடையது, இது உன்னுடையது இல்லை, இது உன்னுடையதுதான் ஆனால் பிழைக்காது' என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. அவர் பிரிக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்ததால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் எண். வார்ப்பில் புடைத்து நிற்கும் எண்ணைப் பார்த்து பலர் இணையத்தில் தேடி, 'என் பாகம் பட்டியலில் இல்லை, அப்படியானால் போலி' என்று முடிவு கட்டிவிடுகிறார்களாம். வார்ப்பு எண் வேறு, கம்பெனிப் பாகப் பட்டியலில் இருக்கிற எண் வேறு. ஒரே வார்ப்பைக் கடைந்து ரெண்டு மூன்று விதப் பாகமாக்கியிருப்பார்கள். அதனால் அண்ணன் எண்ணை நம்புவதில்லை. எண் எந்த இடத்தில், எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார். எண்ணெய்க் கறை பிடித்த பாகப் பட்டியல் நகல் ஒன்று மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஓரத்தில் எல்லாம் தமிழில் பென்சில் குறிப்பு. அதை மட்டும் அச்சுப் போட்டால் நான் காசு கொடுத்து வாங்குவேன்.

அடுத்து மரை. அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டியில் மில்லிமீட்டர் கணக்கு கிடையாது. ஒரு நட்டு விட்வொர்த், ஒரு நட்டு சைக்கிள் மரை. விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, சைக்கிள் மரைக்கு 60. அங்குலத்துக்கு 26 சுற்று போகும் நெருக்கமான மரை பெரும்பாலும் சைக்கிள் வகையில் வரும். அண்ணனிடம் விசிறி மாதிரி விரியும் மரை அளவுத் தகடு இருக்கிறது. அதை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தகட்டுக்கும் மரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்த நட்டு பின்னால் வந்தது. என் வண்டியில் ரெண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கும் அடித் தாங்கியின் பிடிப்பு போல்ட்டு ஒன்று சாதாரண 14 மில்லிமீட்டர் ஸ்பேனரில் கச்சிதமாக உட்கார்ந்தது. "பாத்தீங்களா, இது கப்சாய் போல்ட்டு" என்று கழற்றி என் கையில் கொடுத்தார்.

மூன்றாவது, முந்தைய கைகள் விட்டுப்போன தழும்புகள். பி.எஸ்.ஏ. காலின் மேல்முனையில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலைப் பிடித்துக்கொள்கிற பளபளப்பான மூடி திருகியிருக்கும். அதைக் கழற்றக் கம்பெனியே 61-3005 என்ற எண்ணில் தனிக் கருவி கொடுத்தது. இங்கே எவனிடம் அது இருந்தது? பைப் ரென்ச்சைப் போட்டுக் கடித்து எடுத்திருப்பார்கள். என் வண்டியில் ஒரு மூடியில் பல் தடம் சுற்றிலும் இருந்தது, இன்னொன்று சுத்தம். சுத்தமாக இருந்தது அந்நியக் காலில். அதாவது வந்தேறிக் கால் எங்கோ ஒரு நல்ல பட்டறையில் வாழ்ந்திருக்கிறது. சொந்தக் கால்தான் அடி வாங்கியிருக்கிறது. அண்ணன் தடித்த இரும்புக் குழாயின் வாயில் பற்களை அரத்தால் வெட்டி அந்தக் கருவியைத் தானே செய்து வைத்திருக்கிறார். கைப்பிடிக்குப் பழைய சைக்கிள் பெடல் தண்டு. அதைப் பொருத்தி ஒரு தட்டு தட்டித் திருப்பினார், மூடி முனகாமல் வந்தது.

முன் சக்கரத்தின் அச்சிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. பி31 அச்சுக்கு இடக்கை மரை. கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாதவர்கள் வழக்கம்போல் எதிர்ப்பக்கம் திருப்பி, வரவில்லை என்று மேலும் பலத்தைப் போட்டு, காலிலிருக்கும் மரையையே உரித்துவிடுவார்கள். என் வண்டியில் அச்சின் தலை சுத்தியல் பட்டுக் காளான் போல விரிந்திருந்தது, நல்லவேளை மரை தப்பியது.

ஃபோர்க்கை வைத்தே வண்டியின் வயதை அவர் சொல்வதையும் பார்த்தேன். தைப்பிங்கிலிருந்து வந்த ஒருவர் தன் பி31-ஐ ஜப்பான்காரன் காலத்தில் ராணுவம் விட்டுப்போன வண்டி என்று அடித்துப் பேசினார். வாங்கின விலையும் அந்தக் கதைக்கு ஏற்ற விலை. அண்ணன் முன்பக்கத்தைக் காட்டினார். அதில் இருந்தது ஒன்றுக்குள் ஒன்று ஏறி இறங்கும் குழாய்கள் கொண்ட டெலஸ்கோப் ஃபோர்க். போர்க்காலத்தில் பி.எஸ்.ஏ. ராணுவத்துக்குக் கொடுத்தது எம்20. ஏறத்தாழ 126,000 வண்டி. அதெல்லாம் கர்டர் ஃபோர்க், நடுவில் ஒரே பெரிய ஸ்பிரிங், பக்கவாட்டில் உராய்வுத் தட்டு. எண்ணெய் போட்ட டெலஸ்கோப் ஃபோர்க்கோடு ராணுவத்துக்குப் போனது மேட்ச்லெஸ் ஜி3எல், அதுவும் 1941-இல்தான் தொடக்கம். பி.எம்.டபிள்யூ. 1935-இலேயே போட்டுவிட்டது என்பது வேறு கதை. பி31 சந்தைக்கு வந்ததே 1945-இல். "உங்க வண்டி நல்ல வண்டி சார், கதைதான் டூப்ளிகேட்" என்றார். வந்தவர் முகம் சுருங்கிவிட்டது. சுங்கை சிப்புட் பக்கம் இந்தக் கதைகளுக்குக் கிராக்கி அதிகம். 1948 ஜூன் 16-இல் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் துரைமார்கள் சுடப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான மலாயா அவசரகாலம் தொடங்கிய ஊர் இது. பழைய இங்கிலீஷ் வண்டி எது கிடைத்தாலும் 'துரை வண்டி' என்று சொல்லி விலையேற்றுவார்கள். துரைமார்கள் எல்லாருக்கும் அத்தனை வண்டி இருந்திருந்தால் தோட்டத்தில் மரம் நட இடம் இருந்திருக்காது.

இதற்கு நேர்மாறான விவகாரமும் உண்டு. மேட்ச்லெஸ் வண்டியில் நார்ட்டன் ஃபோர்க் இருக்கிறது, ஏமாந்துவிட்டேன் என்று புலம்பிக்கொண்டு வருவார்களாம். 1964 மாடலிலிருந்து பெரிய மேட்ச்லெஸ், ஏ.ஜே.எஸ். வண்டிகளுக்குக் கம்பெனியே நார்ட்டனின் ரோட்ஹோல்டர் ஃபோர்க்கைத்தான் போட்டது. அப்போது மூன்று பெயரும் ஒரே கூரையின் கீழ். அப்படிப்பட்ட வண்டியில் நார்ட்டன் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டுப் பழைய மேட்ச்லெஸ் ஃபோர்க்கைத் தேடி மாட்டினால்தான் ஒரிஜினலைக் கெடுத்ததாகும்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். உள் குழாய்கள் ரெண்டும் சொந்தக் குழாய்கள்தான் என்று உறுதியானது. மேல்முனை கூம்பாகச் சரிந்து மேல் தாங்கிக்குள் இறுக்கமாக உட்காரும் வகை. நட்டை முழுக்கக் கழற்றாமல் சில சுற்று தளர்த்தி வைத்துக்கொண்டு, தோல் சுத்தியலால் ஒரே அடி. கூம்பு விட்டுவிடும். சீல் ஓடுகிற இடத்தில் ஊசி குத்தின மாதிரி துருக்குழிகள். நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. இந்தக் குழியில்தான் சீலின் உதடு கிழிந்து எண்ணெய் கசியும். எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது.

இந்த இடத்தில் ரெண்டு வழி. புதுக் குழாய் வாங்கலாம். இங்கிலாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கிடைக்கிறது. அல்லது பழையதை அரைத்து, ஹார்ட் குரோம் ஏற்றி, மறுபடி அளவுக்கு அரைக்கலாம். கூரியர், வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. அண்ணன் எதையும் திணிக்கவில்லை. முதலில் வளைவு எவ்வளவு என்று பார்ப்போம், அதிகமாக இருந்தால் பேச்சே இல்லை, புதுசுதான் என்றார்.

இரும்புப் பலகையில் ரெண்டு வி பிளாக், அதில் குழாயைப் படுக்க வைத்து, முள் ஆடி அளவு காட்டும் டயல் கேஜின் நுனியை நடுவில் தொடவிட்டு விரலால் மெல்ல உருட்டினார். ஒரு குழாயில் முள் அசையவே இல்லை என்றே சொல்லலாம். மற்றதில் 12 தவ் ஆடியது. ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 25 மைக்ரான் சொச்சம். 12 தவ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் புஷ் ஒரு பக்கமாகத் தேயவும், ஃபோர்க் பாதி வழியில் பிடித்துக்கொள்ளவும் அது போதும். குழாயைச் சூடு காட்டி நிமிர்த்துகிற கடைகள் இருக்கின்றன. அண்ணன் சூடே காட்ட மாட்டார்; எஃகின் பதம் போய்விடும். மரக்கட்டை வைத்துக் கைப்பிரஸ்ஸில் கொஞ்சம் அமுக்கி, எடுத்து அளந்து, மறுபடி அமுக்கி, மறுபடி அளந்து. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தோள் வலித்தது. கடைசியில் 2 தவ்வுக்குள் கொண்டுவந்துவிட்டார். இதற்குப் போட்ட கூலி 80 வெள்ளி. இந்த பில்லில் குறைவாகப் போட்ட வரி என்று நான் குறித்து வைத்திருப்பது இதைத்தான்.

குரோம் வேலை அவரிடம் இல்லை, ஈப்போவுக்கு அனுப்புகிறார். அனுப்பும்போது கூடவே ஒரு சீட்டு. அதில் இருந்தவை எனக்குப் புதுசு. கூம்புப் பகுதியையும் மரையையும் மெழுகு போட்டு மூடிவிட வேண்டும். அங்கே குரோம் ஏறினால் அளவு மாறி, மேல் தாங்கியில் சரியாக உட்காராது. முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் 190 டிகிரி சூட்டில் வேக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முலாம் தொட்டியில் எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன் உள்ளேயே தங்கி, ஒருநாள் எச்சரிக்கை இல்லாமல் விரிசல் விடும். பளபளப்புக்காக ஹேண்டில்பாரில் போடுகிற குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. இந்த ஹார்ட் குரோம் அதைவிடப் பல மடங்கு தடிமன். குழியை நிரப்பி, மேலே அரைக்கவும் மிச்சம் இருக்க வேண்டும். ரெண்டையும் ஒன்று என்று நினைத்து மலிவாகக் கொடுத்துவிட்டு அழுதவர்களின் குழாய்கள் பட்டறை மூலையில் அடுக்கிக் கிடக்கின்றன. உரிந்த குரோம் பிளேடு மாதிரி இருக்கும், சீல் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

புஷ் விஷயத்தில் அண்ணனின் மருமகப் பையன்தான் எனக்கு வாத்தியார். துகள் வெண்கலத்தை அமுக்கிச் செய்த புஷ், அதன் நுண்துளைகளில் எண்ணெய் தங்கும். மொட்டை ரீமரைப் (துளையைக் கடைந்து அளவாக்கும் கருவி) போட்டு இழுத்தால் துளைகள் அடைபட்டுப் போகும். "அக்கா, இது வெத்து வெங்கலம் இல்லை, எண்ணெய் குடிக்கிற வெங்கலம்" என்று சொல்லி, மாட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான எண்ணெயில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டான். மைலோ டின்னில்.

சீல் மட்டும் இந்தக் காலத்து ரப்பர் சீல். ஒரிஜினல் பைத்தியங்கள் இதற்குச் சண்டை போடுவார்களாம். தேய்ந்து தூக்கிப் போடுகிற சாமானுக்கு ஒரிஜினல் என்ன, டூப்ளிகேட் என்ன என்பது அண்ணன் கட்சி. நானும் அதே கட்சி. எண்ணெய் ஒழுகி பிரேக்கில் இறங்குவதைவிட இது தேவலாம்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, மேலே இருக்கும் மறைப்புக் குழாய்களில் இருந்த நெளிவை எடுத்தது. ஹெட்லைட்டைத் தாங்குகிற காதோடு சேர்ந்த தகரக் குழாய் அது. பல இடத்தில் அடி வாங்கி உள்வாங்கியிருந்தது. பொதுவாகப் புட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். இவர் ரப்பர் மரக் கட்டையை லேத்தில் கடைந்து, முனை சற்று ஒடுங்கிய உருளையாக்கி, சோப்புத் தடவி, உள்ளே ஒரு முனையிலிருந்து அடித்து இறக்கினார். கட்டை இறங்க இறங்க நெளிவு ஒவ்வொன்றாக வெளியே உப்பி நேரானது. மிச்சமிருந்த மேடுகளைக் கட்டையை உள்ளே வைத்தபடியே வெளியிலிருந்து தட்டிச் சமன் செய்தார். பால் வெட்டி ஓய்ந்த மரத்தின் கட்டை. அப்பா கணக்கு எழுதின மரங்களில் ஒன்றாகக்கூட இருக்கலாம்.

பிரேக் பக்கத்துக் காலுக்கு 7 அங்குலப் பிடிமானம் உள்ள சரியான கால் அவருடைய தகர டிரம்மில் இருந்தது. பழைய இரும்புக் கடைகளில் கிலோ கணக்கில் வாங்கிச் சேர்த்தவை. என்ன இருக்கிறது என்று பட்டியல் கிடையாது, எல்லாம் அவர் தலைக்குள். அதற்கு 200 வெள்ளி. கழற்றிய 8 அங்குலக் காலை 150 வெள்ளிக்கு அவரே எடுத்துக்கொள்கிறேன் என்றார், எனக்கு விற்க மனமில்லை. அது ஏதோ ஒரு கோல்டன் ஃபிளாஷ்காரர் தேடிக்கொண்டிருக்கும் கால். கேட்டு வந்தால் நேரில் கொடுத்துவிடுவேன்.

மாட்டுகிறபோதும் ஒரு ஒழுங்கு உண்டு. அச்சை இறுக்கின கையோடு பிடிப்பு போல்ட்டை இறுக்கவில்லை. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஹேண்டிலைப் பிடித்து முன்பக்கத்தைப் பலமாக அமுக்கி அமுக்கி விட்டார். கால்கள் தாமாக ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும் இடத்தைத் தேடிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் பிடிப்பு போல்ட்டு. இதை மாற்றிச் செய்தால் கால்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே ஓடும், புது புஷ் சீக்கிரமே போய்விடும். வீட்டில் தானே மாட்டுகிறவர்கள் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

லிந்தாங் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் முன்பு ஹேண்டில் கையை உதறும். இப்போது 'தப்' என்று ஒரு அமுக்கல், மெதுவாக ஒரு எழும்பல், அவ்வளவுதான். இந்தக் காலத்து வண்டியின் சொகுசு வராது. அதை எதிர்பார்ப்பவர்கள் அந்தக் குளிர்சாதனக் கடைக்கே போகலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன தேதியில் ஒன்றும் நடக்காது. சீனப் பெருநாள் கழித்து என்றார், தீபாவளி விளக்கு விற்க ஆரம்பித்த பிறகுதான் வண்டி கைக்கு வந்தது. பெயிண்ட் வேலை சுமார். மறைப்புக் குழாயின் கறுப்புக்கும் அடிக் காலின் கறுப்புக்கும் வெயிலில் வித்தியாசம் தெரிகிறது. அதற்கு 160 வெள்ளி வாங்கியது அதிகம், அதை அவரிடமே சொன்னேன். "நான் இரும்பு ஆளு தங்கச்சி, கலர் ஆளு இல்லை" என்றார். அப்படியானால் கலர் ஆளிடம் கொடுத்திருக்கலாமே. ஒரு காலில் கொஞ்ச நாள் கழித்து லேசாக எண்ணெய் வியர்த்தது. கொண்டுபோனேன், முகம் சுளிக்காமல் பிரித்து, மூடியின் மரையில் கசிவு என்று கண்டுபிடித்து, காசு வாங்காமல் சரிசெய்தார். அன்றைக்கும் நாற்காலி இல்லை.

மொத்தம் 1,150 வெள்ளி. இதில் குரோமும் அரைப்பும் சேர்த்து ஜோடிக்கு 420, புஷ்ஷும் சீலும் 190, பிரித்து அளந்ததற்கு 100. மற்றதை மேலேயே சொல்லிவிட்டேன். என் கணக்குப் புத்திக்கு பெயிண்ட்டைத் தவிர வேறு எந்த வரியும் உறுத்தவில்லை.

போக நினைப்பவர்கள் காலை பத்துக்குள் போங்கள். அதற்குப் பிறகு தோட்டத்து வண்டிகள் வந்துவிடும், உங்களைப் பார்க்க நேரம் இருக்காது. கழற்றி, கழுவி, பாலிஷ் போட்டுப் பையில் கட்டிக்கொண்டு போனால் திட்டுதான் விழும். அழுக்கும் துருவும் பழைய பெயிண்ட்டும் இருக்கிறபடியே, வண்டியில் மாட்டியபடியே பார்க்கத்தான் அவருக்கு வேண்டும். எது எப்போது மாறியது என்பதை அவர் அந்த அழுக்கில்தான் படிக்கிறார். கிரான் (வண்டியின் உரிமைப் பத்திரம்) நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் எண்ணையும் சேஸி எண்ணையும் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) தாளோடு ஒத்துப் பார்க்காமல் அண்ணன் ஸ்பேனரைத் தொடுவதில்லை.